பார்ட்னர் விசா மறுக்கப்பட்டால் மேல்முறையீடா, புதிய விண்ணப்பமா?

ஆஸ்திரேலியாவில் இருக்கும் ஒருவர் ஊரில் இருக்கும் மனைவிக்கோ கணவருக்கோ போட்ட 309 விசா (வெளிநாட்டிலிருந்து விண்ணப்பிக்கும் தற்காலிகப் பார்ட்னர் விசா) மறுக்கப்பட்டதும் குடும்பம் இரண்டு கட்சியாகிவிடும். "அப்பீல் போடு, நியாயம் நம்ம பக்கம்" என்பது ஒரு கட்சி. "அப்பீல் வருஷக்கணக்கில் இழுக்கும், புதுசாகவே போட்டுவிடு" என்பது இன்னொரு கட்சி. இரண்டு பக்கமும் பேசுவது பெரும்பாலும் பணத்தையும் காலத்தையும் பற்றித்தான். அந்தக் கணக்கும் வேண்டியதே. ஆனால் அதற்கு முன்பாக, மறுப்புக் கடிதத்தோடு வரும் காரணப் பதிவை வரிக்கு வரி படிக்க வேண்டும். அதிகாரி சந்தேகப்பட்டது எதை? நீங்கள் கொடுத்த ஆதாரம் போதவில்லை என்கிறாரா, விண்ணப்பித்த நாளில் உங்கள் உறவே அந்த நிலைக்கு வந்திருக்கவில்லை என்கிறாரா? பதில் முதலாவது என்றால் மேல்முறையீடு. இரண்டாவது என்றால் புதிய விண்ணப்பம். என் கருத்து சுருக்கமாக இதுதான். விதிவிலக்குகள் உண்டு, அவற்றைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் சட்டம் என்ன கேட்கிறது என்று பார்ப்போம். 1958-ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்தின் 5எஃப் பிரிவு, கணவன் மனைவி யார் என்று சொல்கிறது. திருமணம் சட்டப்படி செல்லுபடியாக வேண்டும். வேறு யாருக்கும் இடமில்லாமல் தம்பதியாகச் சேர்ந்து வாழும் உறுதி இருவருக்கும் இருக்க வேண்டும். உறவு உண்மையானதாகவும் தொடர்வதாகவும் இருக்க வேண்டும். ஒன்றாக வாழ வேண்டும், அப்படி வாழாவிட்டாலும் நிரந்தரமாகப் பிரிந்து வாழ்பவர்களாக இருக்கக் கூடாது. "கல்யாணச் சான்றிதழ் இருக்கிறதே, அப்புறம் என்ன சந்தேகம்?" என்று கேட்பவர்களுக்குப் பதில் இங்கேயே இருக்கிறது. அந்தச் சான்றிதழ் முதல் நிபந்தனையை மட்டும்தான் நிரூபிக்கும். மற்ற மூன்றையும் எடைபோட 1994 விதிகளின் 1.15ஏ நான்கு பக்கங்களைப் பார்க்கச் சொல்கிறது: பணம், வீட்டு வாழ்க்கை, மற்றவர்கள் உங்களைத் தம்பதியாக அறிந்திருப்பது, ஒருவருக்கொருவர் உள்ள பற்றுறுதி.

இந்தச் சோதனையில் இரண்டு தேதிகளில் தேற வேண்டும் என்பதைத்தான் பலர் கவனிப்பதில்லை. விண்ணப்பம் கொடுத்த நாளிலும் நீங்கள் கணவன் மனைவியாக இருந்திருக்க வேண்டும், முடிவெடுக்கும் நாளிலும் இருக்க வேண்டும். மேல்முறையீட்டில் முதல் தேதி அப்படியே நிற்கும். மூன்று வருடம் கழித்து ஹியரிங் நடந்தாலும், அந்தப் பழைய நாளில் என்ன நிலை என்ற கேள்வி மேசையில் இருக்கும். புதிய விண்ணப்பம் போட்டால் அந்தத் தேதி புதிய நாளுக்கு மாறிவிடும்.

இரண்டு கற்பனை ஜோடிகளை எடுத்துக்கொள்வோம். முதல் ஜோடிக்குப் பெரியவர்கள் பார்த்து, ஜாதகம் பொருந்தி, யாழ்ப்பாணத்தில் ஊர்கூடிக் கல்யாணம். கணவர் மூன்று வாரம் இருந்துவிட்டு மெல்பர்னுக்குத் திரும்பினார். அடுத்த மாதமே விண்ணப்பம் போட்டார்கள். கொடுத்தது சான்றிதழ், கொஞ்சம் படங்கள், இரண்டு கடிதங்கள். "ஆதாரம் மிகக் குறைவு" என்று மறுப்பு. அதற்குள் அவர் மறுபடி போய் மாதக்கணக்கில் மனைவியோடு தங்கியிருக்கிறார், பணம் அனுப்பியிருக்கிறார், மனைவி கர்ப்பமாக இருக்கிறார். இவர்கள் மேல்முறையீடுதான் செய்ய வேண்டும். மேல்முறையீட்டை விசாரிக்கும் தீர்ப்பாயம் பழைய முடிவில் பிழை தேடுவதோடு நின்றுவிடாது, வழக்கை முதலிலிருந்து தானே பார்க்கும். அதனால் புதிய ஆதாரம் அத்தனையும் கொடுக்கலாம். பின்னால் நடந்தவை முன்பிருந்த நிலைக்கு வெளிச்சம் காட்டுமானால் அவற்றையும் கணக்கில் எடுக்கலாம் என்பது நீதிமன்றங்கள் ஏற்றுக்கொண்ட வழி. இத்தனை நாள் தொடர்ந்த உறவு, தொடங்கிய நாளில் பொய்யாக இருந்திருக்குமா என்று அங்கே வாதிடலாம்.

இரண்டாவது ஜோடி விசாவுக்காக முந்திக்கொண்டு பதிவுத் திருமணம் செய்தவர்கள். தாலி கட்டும் கல்யாணம் ஒரு வருடம் கழித்து. நம் குடும்பங்களில் இது மிகச் சாதாரணம், யாரும் தப்பாக நினைப்பதில்லை. ஆனால் விண்ணப்பித்த கையோடு நடந்த தொலைபேசி நேர்காணலில் பெண் சொல்லிவிட்டார்: "கோயில் கல்யாணம் முடிந்த பிறகுதான் நாங்கள் கணவன் மனைவி, இப்போது பேசிப் பழகிக்கொண்டிருக்கிறோம்." உண்மையைத்தான் சொன்னார். அந்த ஒரு வாக்கியத்தால் விண்ணப்பத் தேதியில் தம்பதியாக வாழும் உறுதி இல்லை என்று ஆகிவிட்டது. இப்போது தாலி ஏறி, சேர்ந்து குடித்தனம் நடத்தி, எல்லாம் நன்றாக இருந்தாலும் அந்தப் பழைய தேதியைத் தாண்டுவது கடினம். இவர்கள் புதிதாக விண்ணப்பிப்பதே நல்லது. (உண்மையில் இவர்கள் முதலில் யோசித்திருக்க வேண்டியது பதிவுக்கு முன்னாலேயே போடக்கூடிய, திருமணம் செய்யவிருப்போருக்கான 300 விசாவை. அதை யாரும் சொல்வதில்லை.)

பெரும்பாலான கோப்புகள் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கும். அப்போதுதான் பணமும் காலமும் பேச வேண்டும்.

மேல்முறையீட்டுக்கான இடம் இப்போது நிர்வாக மறுஆய்வுத் தீர்ப்பாயம், அதாவது ஏஆர்டி. 2024 அக்டோபர் 14 அன்று இது பழைய நிர்வாக மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின், அதாவது ஏஏடி-யின் இடத்தில் வந்தது. 309 மறுக்கப்பட்டால் மனுப்போடுபவர் இங்கே இருக்கும் ஸ்பான்சர், ஊரில் இருப்பவர் அல்ல. கட்டணம் 2025 ஜூலை முதல் 3,580 டாலர். வென்றால் பாதி திரும்பக் கிடைக்கும். பண நெருக்கடியைக் காட்ட முடிந்தால் தொடக்கத்திலேயே பாதியாகக் குறைக்கச் சொல்லிக் கேட்கலாம். புதிய பார்ட்னர் விண்ணப்பத்துக்கு அரசாங்கக் கட்டணம் மட்டும் 9,000 டாலருக்கு மேல், மறுத்தால் ஒரு காசும் திரும்பாது. மருத்துவப் பரிசோதனை, போலீஸ் சான்று எல்லாம் மறுபடி தனி. இரண்டு கட்டணமும் பொதுவாக ஜூலை முதல் தேதியில் ஏறும்.

காலக்கெடுவில் ஓர் எச்சரிக்கை. ஸ்பான்சருக்கு 70 நாள், உள்நாட்டில் 21 நாள் என்று பழைய ஏஏடி காலத்துக் கணக்கை இன்னும் பலர் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ஏஆர்டி வந்தபிறகு பொதுவாக 28 நாள். முடிவு மின்னஞ்சலில் வந்தால் அனுப்பிய நாளே கிடைத்த நாளாகக் கொள்ளப்படும், நீங்கள் எப்போது திறந்து பார்த்தீர்கள் என்பது கணக்கில் வராது. இந்தக் கெடுவை நீட்டிக்கத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் கிடையாது. ஒருநாள் தப்பினாலும் கதவு மூடிவிடும். புதிய 309 விண்ணப்பத்துக்குக் கெடு எதுவும் இல்லை. ஆகவே இன்னும் தீர்மானிக்க முடியவில்லை என்றால், முதலில் மேல்முறையீட்டைப் பதிவு செய்துவிட்டு அப்புறம் யோசிப்பதே புத்திசாலித்தனம்.

விதிவிலக்குகள் உண்டு என்றேன். இரண்டு நிலைமைகளில் தேர்வே கிடையாது, மேல்முறையீடுதான்.

ஒன்று, ஆஸ்திரேலியாவுக்குள் இருந்தபடி விண்ணப்பிக்கும் பார்ட்னர் விசாவான 820 மறுக்கப்பட்டவர். இங்கே 48-ஆம் பிரிவு குறுக்கே வரும். 820 மறுக்கப்பட்டவர் நாட்டைவிட்டு வெளியேறாமல் இன்னொரு 820 போட முடியாது. வெளியே போய் 309 போடலாம், ஆனால் அதன் முடிவு வரும்வரை பிரிவுதான். கெடுவுக்குள் மேல்முறையீடு செய்தால், 820 விண்ணப்பத்தோடு கிடைத்த பிரிட்ஜிங் விசா (முடிவு வரும்வரை இங்கே தங்க அனுமதிக்கும் இடைக்கால விசா) வழக்கு முடியும்வரை தொடரும். வேலை, வீடு, குழந்தையின் பள்ளி எதுவும் குலையாது. நடுவில் ஊருக்குப் போக வேண்டியிருந்தால், திரும்பி வர அனுமதிக்கும் பிரிட்ஜிங் பி விசா வாங்கிக்கொண்டுதான் புறப்பட வேண்டும்.

இரண்டு, பொய்யான அல்லது தவறாக வழிநடத்தும் தகவல் கொடுத்ததாக 4020 விதியைச் சொல்லி மறுத்திருந்தால். முன்பு போட்ட மாணவர் விசாவில் "திருமணமாகாதவர்" என்று எழுதியது, முதல் திருமணத்தை மறைத்தது, போலி வங்கிக் கடிதம் போன்றவை இதில் மாட்டும். இந்த மறுப்பு மூன்று வருடத்துக்குத் துரத்தும். அதற்குள் புதிதாகப் போட்டால் அதே காரணத்தால் விழும். ஆஸ்திரேலியக் குடிமகனான துணைவரைப் பாதிக்கும் வலுவான காரணங்கள் இருந்தால் விலக்குக் கேட்கலாம். அதைக் கேட்கவும் தீர்ப்பாயமே சரியான இடம்.

அடுத்தது, இரண்டு வழிகளிலும் உங்களை எடைபோடும் விதம். இதில்தான் எனக்கு மேல்முறையீட்டின் மேல் சாய்வு அதிகம். விசா முடிவெடுக்கும் உள்துறைத் திணைக்கள அதிகாரி பெரும்பாலும் காகிதத்தைப் பார்த்தே முடிவெடுக்கிறார். தீர்ப்பாய உறுப்பினர் உங்களை உட்காரவைத்துக் கேட்கிறார். ஊரில் இருக்கும் துணைவரிடம் தொலைபேசியிலோ வீடியோவிலோ பேசுகிறார். மாமியாரையும் சாட்சியாகக் கூப்பிடலாம். நம் தம்பதிகளின் வாழ்க்கை காகிதத்தில் பதிவாவது மிகக் குறைவு என்பதால் இந்த வாய்ப்பு பெரியது.

பணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆஸ்திரேலியக் கண்ணுக்குத் தம்பதி என்றால் கூட்டு வங்கிக் கணக்கு, இருவர் பேரிலும் வாடகை ஒப்பந்தம். ஊரில் இருப்பவருக்கு இங்கே கூட்டுக் கணக்கு திறப்பது எளிதல்ல. போதாததற்கு, நம் ஆட்களில் எத்தனையோ பேர் பணம் அனுப்பியது உண்டியல் மூலம். இங்கே ஒருவரிடம் டாலர் கொடுத்தால் அங்கே வீட்டு வாசலில் ரூபாய். வேகம், நல்ல விலை, ரசீது மட்டும் கிடையாது. திணைக்களம் "பொருளாதாரப் பிணைப்பு இல்லை" என்று எழுதிவிடும். தீர்ப்பாயத்தில் இதை விளக்கலாம்: இங்கே கணக்கிலிருந்து எடுத்த தேதிகள், அங்கே அதே வாரத்தில் மனைவியின் பாஸ்புக்கில் விழுந்த தொகைகள், தொகையைப் பற்றி இருவரும் பேசிய வாட்ஸ்அப் செய்திகள். மூன்றையும் ஒரு தாளில் பக்கம் பக்கமாக வைத்தால் ஒரு கதை தெரியும். அதே நேரம் உண்டியலை இன்றோடு நிறுத்திவிட்டு வங்கி வழியே அனுப்பத் தொடங்குங்கள். பழைய குறையை விளக்கலாம். மறுப்புக்குப் பிறகும் அதே குறை நீடித்தால் விளக்கம் எடுபடாது.

வீட்டு வாழ்க்கையிலும் இதே கதைதான். கல்யாணமான பெண் அப்பா அம்மாவோடு இருக்கிறாள், கணவர் வரும்போது மட்டும் மாமியார் வீட்டுக்கோ ஹோட்டலுக்கோ போகிறாள் என்றால் அதிகாரிக்குச் சந்தேகம் வரும். ஊர்க்காரர்களுக்கு அது விளக்கமே தேவைப்படாத ஏற்பாடு. சட்டமும் ஒரே கூரையைக் கட்டாயமாக்கவில்லை, "நிரந்தரமாகப் பிரிந்து வாழாமல்" என்று இடம் விட்டிருக்கிறது. துணைவர் விசா வழக்கு ஒன்றில் ஃபெடரல் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2015-ல், ஜோடி முன்பே ஒன்றாக வாழ்ந்திருக்க வேண்டும் என்று இந்தச் சொற்கள் கேட்கவில்லை என்று சொன்னது. அதோடு 2017-ல் இன்னொரு முழு அமர்வு, விதியில் சொன்ன அம்சங்கள் ஒவ்வொன்றையும் முடிவெடுப்பவர் கருத்தில் எடுத்தே ஆக வேண்டும் என்றது. ஆகவே எழுத்து வாதத்தில் நான்கு பக்கங்களையும் தனித்தனித் தலைப்பாக எழுதுங்கள். பணப் பக்கம் பலவீனமாக இருந்தால் அதை ஒளிக்காமல், ஏன் அப்படி என்று எழுதுங்கள். வெற்றுத் தலைப்பைவிட நேர்மையான மூன்று வரி மேல்.

கல்யாண ஆல்பம் பற்றி ஒரு வார்த்தை. ஐந்நூறு படம் அனுப்புவார்கள், அத்தனையும் ஒரே நாள். மண்டபம் நிறைய ஆட்கள் இருந்தது கல்யாணம் நடந்ததைக் காட்டும், அதற்குப் பிறகு என்ன ஆனது என்பதைக் காட்டாது. அதிலிருந்து பத்துப் படம் போதும். மிச்ச இடத்தை மச்சானின் கிரகப்பிரவேசம், கோயில் திருவிழா, ஆஸ்பத்திரி வாசல், வெவ்வேறு வருடத்து உடைகள், வெவ்வேறு ஆட்கள் என்று நிரப்புங்கள். அரட்டைப் பதிவும் அப்படித்தான். ஆயிரம் பக்கம் "சாப்பிட்டியா" கொடுத்தால் யாரும் படிக்கப்போவதில்லை. மாதத்துக்கு இரண்டு பக்கம், தமிழில் இருந்தால் மொழிபெயர்ப்போடு, சண்டை போட்ட நாளும் உட்பட. சண்டையே இல்லாத தம்பதியைத்தான் நம்பக் கஷ்டம்.

888 படிவத்தில் நண்பர்கள் எழுதும் சாட்சியத்தில் அடிக்கடி நடக்கும் கேடு, ஒருவர் எழுதியதை மற்றவர் பார்த்தெழுதுவது. இரண்டு பேரும் "மிகவும் அன்பான, மரியாதையான ஜோடி" என்று எழுதினால் இரண்டுக்கும் மதிப்பில்லை. "என் மகளின் சடங்குக்கு வீடியோ காலில் அவளையும் கூப்பிட்டு எல்லோருக்கும் காட்டினான்" என்று ஒருவர் எழுதினால் அது நிற்கும்.

ஹியரிங்கின் இன்னொரு பக்கத்தையும் சொல்லாமல் விடக் கூடாது. இருவரையும் தனித்தனியாகக் கேட்பார்கள். கடைசியாக எப்போது பேசினீர்கள், அவர் வேலை நேரம் என்ன, மனைவியின் தங்கைக்கு எத்தனை குழந்தைகள், கல்யாணச் செலவை யார் கொடுத்தது. இதற்குப் பயந்து சிலர் கேள்வித்தாள் தயாரித்து மனப்பாடம் செய்வார்கள். வேண்டவே வேண்டாம். ஒத்திகை பார்த்த பதில் கேட்டவுடன் தெரிந்துவிடும். தேதி ஞாபகமில்லை என்றால் ஞாபகமில்லை என்று சொல்வது பாதகமில்லை. மொழிபெயர்ப்பாளர் இலவசம். இலங்கைத் தமிழ் பேசுபவர் வேண்டுமென்றால் முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். ஆனால் உண்மையிலேயே ஒருவரைப் பற்றி ஒருவருக்கு அதிகம் தெரியாத நிலை என்றால், ஹியரிங் உங்களுக்கு உதவாது. அப்போது ஒரு வருடம் சேர்ந்து வாழ வழி பார்த்துவிட்டு, நல்ல கோப்போடு புதிதாகப் போடுவதே மேல்.

மொட்டைக் கடிதம் வந்திருந்தால்? நம் சமூகத்தில் இது கற்பனை அல்ல. முன்னாள் துணைவரோ, சீதனத் தகராறில் பிரிந்த உறவினரோ திணைக்களத்துக்கு எழுதியிருக்கலாம். தீர்ப்பாயம் உங்களுக்கு எதிராகப் பயன்படுத்த நினைக்கும் தகவலைப் பொதுவாக 359ஏ பிரிவின்படி உங்களிடம் சொல்லிப் பதில் கேட்க வேண்டும். அந்தக் கடிதத்துக்குக் கெடுவுக்குள் பதில் கொடுக்கத் தவறினால் ஹியரிங் உரிமையே போகலாம், கவனம். புதிய விண்ணப்பம் போட்டாலும் பழைய கோப்பு கூடவே வரும் என்பதையும் மறக்க வேண்டாம். எது எழுதப்பட்டிருக்கிறது என்று தெரிந்துகொள்ள, தகவல் சுதந்திரச் சட்டத்தின் கீழ் திணைக்களக் கோப்பின் நகலைக் கேட்டு வாங்குவது எந்த வழியில் போனாலும் முதல் வேலை.

இரண்டையும் ஒன்றாகச் செய்யலாமா? 309 விஷயத்தில் சட்டம் தடுக்கவில்லை. பணம் இருந்தால் சில நேரம் இதுவே சிறந்தது, குறிப்பாக விண்ணப்பத் தேதியைப் பற்றிய சந்தேகம் பாதி, ஆதாரக் குறை பாதி என்று இருக்கும்போது. இன்னொரு லாபமும் உண்டு. புதிதாக விண்ணப்பிக்கும் நாளில் உறவு தொடங்கி மூன்று வருடம் ஆகியிருந்தால், குழந்தை இருந்தால் இரண்டு வருடம் ஆகியிருந்தால், தற்காலிக விசாவைத் தொடர்ந்து காத்திருக்காமல் நிரந்தர 100 விசாவுக்கும் உடனே தகுதி வரலாம். ஆபத்து என்னவென்றால் இரண்டு கோப்பிலும் ஒரே கதை இருக்க வேண்டும். முதலில் சந்தித்தது ஏப்ரல் என்று ஒன்றிலும் ஜூன் என்று மற்றதிலும் எழுதினால், உங்கள் கையாலேயே அதிகாரிக்குக் காரணம் எழுதிக் கொடுத்தது மாதிரி.

காத்திருக்கும் காலத்தில் வருகையாளர் விசாவில் துணைவரைக் கூப்பிட்டுப் பார்க்கலாம். கிடைத்தால் சேர்ந்து வாழ்ந்த மாதங்களே நல்ல ஆதாரம். 8503 நிபந்தனை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இருந்தால் இங்கிருந்து வேறு விசா போட முடியாது.

ஏஜென்ட் தேவையா என்பது தனி விவாதம். எளிமையான ஆதாரக் குறை என்றால் நீங்களே செய்யலாம், தீர்ப்பாயம் அதற்கு ஏற்றபடிதான் நடக்கிறது. 4020, மொட்டைக் கடிதம், முந்தைய திருமணம் என்று சிக்கல் இருந்தால் பதிவு பெற்ற முகவரையோ வழக்கறிஞரையோ பிடியுங்கள். "நூறு சதவீதம் வாங்கித் தருகிறேன்" என்பவர், வெற்றுத் தாளில் கையெழுத்துக் கேட்பவர் இருவரையும் தவிர்த்துவிடுங்கள்.

தீர்ப்பாயத்தில் தோற்றால் 35 நாளுக்குள் ஃபெடரல் சர்க்யூட் மற்றும் குடும்ப நீதிமன்றத்துக்குப் போகலாம். அங்கே உங்கள் உறவு உண்மையா என்று பார்க்க மாட்டார்கள். தீர்ப்பாயம் சட்டப் பிழை செய்ததா என்று மட்டும்தான். 351 பிரிவின்படி அமைச்சரிடம் முறையிடவும் தீர்ப்பாய முடிவு கையில் இருக்க வேண்டும், மேல்முறையீடே செய்யாதவருக்கு அந்த வழி இல்லை.

வென்றால் அன்றைக்கே விசா வந்துவிடாது. உறவு தொடர்பான நிபந்தனைகள் நிறைவேறின என்ற உத்தரவோடு கோப்பு திணைக்களத்துக்குத் திரும்பும். மருத்துவச் சான்றும் போலீஸ் சான்றும் அதற்குள் காலாவதியாகியிருக்கும், மறுபடி கேட்பார்கள். ஊரில் போலீஸ் சான்று எடுக்க நாளாகும் என்பதால் உத்தரவு கிடைத்த வாரத்திலேயே அதற்கு விண்ணப்பித்துவிடுங்கள்.